அடுப்பு யாருடைய நேரத்தில் எரிகிறது?

(விருதுநகர் மாவட்டத்தில் நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எரிசக்தி என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருவது நெய்வேலி, கூடங்குளம், முப்பந்தல் காற்றாலைகள். பக்கத்து மாவட்டத்தில், கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கமுதி வட்டாரத்தில் இன்றைக்கும் விடிகாலையில் பெண்கள் அரிவாளோடு சீமைக் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள். எத்தனை மெகாவாட் என்ற கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது. ஒரு வீட்டு அடுப்பு எரிய ஒரு பெண்ணின் பொழுது எவ்வளவு போகிறது என்ற கணக்கு அநேகமாக எந்த வீட்டிலும் இல்லை. நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

"முள்ளு வெட்டப் போயிருக்கா" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யாரும் தனியாகப் போக மாட்டார்கள். மூன்று நான்கு பேராகத்தான் போவார்கள். துணைக்காக மட்டுமல்ல, விறகுக் கட்டைத் தலையில் தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். கவைக்கம்பால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு அடியில் அரிவாளைப் போட வேண்டும். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். உள்ளேயே ஒடிந்துவிட்டால் இரண்டு நாளில் கால் வீங்கிவிடும். வெட்டியதை அன்றைக்கே கொண்டுவர முடியாது. முள்ளைக் கழித்து, வெயிலில் காயப் போட்டுவிட்டு வந்து, சில நாள் கழித்து மறுபடி போக வேண்டும். அதற்குள் வேறு யாரும் எடுத்துப் போகாமல் இருக்க வேண்டும். பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, இருபது கிலோவுக்குக் குறையாத கட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பார்கள். கழுத்தைத் திருப்ப முடியாது. கூட வருகிறவளிடம் பேசுவதானாலும் நேரே பார்த்தபடிதான். வீட்டு வாசலில் கட்டைப் போட்டதும் உட்கார முடியாது. உலை வைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு மூன்று மாதத்துக்கான விறகை அடுக்கியாக வேண்டும். தவறினால் ஈர விறகுதான். ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், ஊதாங்குழலை எடுத்தால் கீழே வைக்க முடியாது. அடுப்பில் புகை இருக்கும், தீ இருக்காது. நம் கரிசல் பக்கம் பருத்திமார், சோளத்தட்டை; தேரிப்பக்கம் பனைமட்டை; காவிரிப் படுகையில் தென்னை மட்டையும் வறட்டியும். ஊருக்கு ஊர் எரிபொருள் மாறுகிறது. பொறுக்குகிற கை மாறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காடு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, முள் நிற்கிற இடம் பெரும்பாலும் யாருடைய பட்டா நிலமாகவோ, கண்மாயாகவோ, வனத்துறை எல்லையாகவோ இருக்கிறது. நிலம் இல்லாத பெண், அதிலும் காலனிப் பெண், அங்கே கால் வைக்கும்போது வாங்குகிற வசவு சாதாரணமானதல்ல. சில நேரம் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். கட்டை அப்படியே போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். 2017-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தபோது நிலத்தடி நீரைப் பற்றி நிறைய விவாதித்தோம். அந்த மரம் போனால் மறுநாள் காலையில் எதை எரிப்பது என்ற கேள்வி அந்த விவாதத்தில் போதுமான அளவு எழவில்லை. மரத்துக்காக வாதாட நான் வரவில்லை. அதை நம்பி உலை வைத்தவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

"விறகுக்கு என்ன செலவு ஆகுது?" என்று ஊர்க் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆண்கள் சட்டென்று சொல்லும் பதில்: "செலவே இல்லீங்க, காட்டுல கெடக்குது." அதே விறகை விற்பதற்கு என்று வெட்டும்போது மட்டும் சைக்கிளிலும் டிராக்டரிலும் ஏற்றி ஆண்கள் கொண்டுபோகிறார்கள், அதற்கு விலை உண்டு. வீட்டு அடுப்புக்கு வந்தால் விலை கிடையாது. அவளுடைய அரை நாளை யாரும் கூலியாக எண்ணிப் பார்க்காததால்தான் விறகு இலவசமாகத் தெரிகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததன் அடிப்படையே இதுதான். கேஸ் விலை அதிகம், விறகு மலிவு என்ற ஒப்பீட்டில் ஒரு பக்கத்துச் செலவை மறைத்துவிட்டுத்தான் நாம் கூட்டிக் கழிக்கிறோம்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இரண்டு முறை விரிவாக நடந்திருக்கிறது. 2019-ல் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. அந்த 88 நிமிடத்தைக் கேட்டு ஆண்கள் பெருமைப்பட வேண்டாம். அது வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிப்பட்டவர்கள் நாலில் ஒருவர்தான். பெண்களில் ஐந்தில் நான்கு பேர். இந்த ஐந்து ஆண்டுகளில் நாடெங்கும் கேஸ் இணைப்பும் மின் இணைப்பும் கோடிக்கணக்கில் கூடின. பெண்ணின் வீட்டு வேலையில் குறைந்தது பத்தே நிமிடம். இணைப்பு கொடுப்பதும் பொழுதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். தமிழ்நாடு மின்சாரத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல், மேட்டூர் 1937-ல், பாபநாசம் 1944-ல் என்று சுதந்திரத்துக்கு முன்பே வேலை நடந்தது. கிராமங்களுக்கு மின்கம்பம் போனதிலும் நாம் முன்வரிசை. ஆனால் அந்தக் கம்பி எங்கே போய் நின்றது? பம்புசெட்டில். 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். ஆனால் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடிய தோட்டத்துக்காரர் வீட்டிலேயே ஆட்டுக்கல்லில் மாவாட்டும் கை ஓயவில்லை. நிலம் இல்லாதவர் குடிசைக்கு வந்தது ஒற்றை 40 வாட்ஸ் குண்டு பல்பு. மின்சாரம் முதலில் கிணற்றுக்குப் போனது, அப்புறம் கூடத்துக்கு. அடுப்படிக்குக் கடைசியில்தான் வந்தது.

2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது பட்டணத்துப் படித்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்றார்கள். ஓட்டுக்காகவே கொடுத்திருக்கட்டும். ஒரு படி அரிசியும் உளுந்தும் ஆட்டுக்கல்லில் அரைக்க எவ்வளவு நேரம் ஆகும், தோள்பட்டை எப்படி வலிக்கும் என்பது ஆட்டியவர்களுக்குத் தெரியும். மண்குடிசையில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்ற நிலை மாறியதற்கு அந்தக் கிரைண்டருக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்துத் தெருக்களுக்கு மாவு விற்று மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய பெண்களை நான் அறிவேன். இன்னொரு மாற்றமும் நடந்தது. ஆட்டுக்கல்லின் முன்னால் ஒருநாளும் உட்காராத ஆண், கிரைண்டர் சுவிட்சைப் போட்டு மாவு வழித்துக் கொடுப்பதை இப்போது பார்க்கிறோம். கருவி மாறியதும் அது பெண்ணின் வேலை என்ற பிடியும் சற்றே தளர்ந்தது. எல்லா வீட்டிலும் என்று சொல்ல மாட்டேன்.

அந்த இயந்திரங்கள் வந்த புதிதிலேயே கரண்டு இல்லாமல் போனதையும் மறக்க முடியாது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு. கரண்டு எந்த நேரம் வருமோ அந்த நேரம் எழுந்து மாவரைத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு. தூக்கத்தை விட்டு எழுந்ததும் பெண்தான்.

விளக்கு வந்ததால் என்ன ஆனது என்ற கேள்விக்கு, பிள்ளைகள் படித்தார்கள் என்ற பதில் எல்லாரிடமும் தயாராக இருக்கிறது. அது உண்மைதான். சிம்னி விளக்கின் புகையில் படித்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். தெருவிளக்கு வந்த பிறகு, இருட்டில் வெளிக்குப் போவதற்குப் பெண்கள் பட்ட பயமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களையும், சாத்தூர், சிவகாசிப் பக்கம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிய பெண்களையும் கேளுங்கள். சூரியன் மறைந்ததும் முடிந்த வேலை விளக்கு வந்த பிறகு ராத்திரி பத்து, பதினொன்று வரை நீண்டது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் காசு வந்தது, முதுகு வலியும் வந்தது. தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நடால் பகுதிக் கிராமங்களுக்கு மின்சாரம் போன பிறகு வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 9 சதவீதப் புள்ளிகள் அளவுக்கு உயர்ந்தது என்று டேரின் டிங்கல்மன் என்ற பொருளியலாளர் 2011-ல் எழுதினார். வீட்டு வேலை குறைந்ததால் வெளி வேலைக்குப் போக முடிந்தது என்பது அவர் விளக்கம். நம் பீடித் தொழிலாளியின் விஷயத்தில் வீட்டு வேலை குறையவில்லை, அதன் மேலேயே வெளி வேலையும் ஏறியது. ஒரே மின்சாரம்தான். அவள் தலையில் ஏற்கெனவே என்ன சுமை இருந்தது, அதில் எது இறங்கியது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

இனி புகைக்கு வருகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, லாரிப் புகை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம். அடுப்படிப் புகை அதைவிடப் பல மடங்கு மோசம் என்று அந்த அளவுகள் காட்டின. 2020-ல் அவர் காலமாகும் வரை இதே வேலையாக இருந்தார். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு பீடிகூடப் பிடிக்காத பாட்டிமார் ஏன் ராத்திரி முழுக்க இருமுகிறார்கள், நுரையீரல் ஏன் கெட்டுப் போகிறது, கண்ணில் புரை ஏன் சீக்கிரம் விழுகிறது என்பதற்கெல்லாம் அடுப்பையும் ஒரு காரணமாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் புகை ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் நீண்ட காலமாக இதில் உழைத்து வருபவர். அவருடைய குழுவும் சேர்ந்து, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். மொத்தம் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்கள். இந்தியாவில் நடந்த இடம் நம் நாகப்பட்டினமும் அன்றைய விழுப்புரமும். விறகில் சமைத்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கான கேஸும் இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல் விறகு. உடலோடு அணிந்துகொள்ளும் சிறு கருவியால் அவர்கள் மூச்சில் போகும் நுண்துகளை அளந்தார்கள். விறகில் சமைத்தவர்களுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸில் சமைத்தவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

2022-ல் முடிவு வெளியானது. பிறந்த குழந்தைகளின் எடையைப் பார்த்தால், கேஸ் வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. கர்ப்பமாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் அவர்களுக்குக் கேஸ் போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை. எப்படியிருந்தாலும், குழந்தையின் எடை கூடும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. பிறகு குழந்தைகளின் நிமோனியாவைப் பார்த்தார்கள். அதிலும் தெளிவான குறைவு இல்லை.

இந்த முடிவைப் பார்த்துச் சிலர் சோர்ந்து போனார்கள். கேஸ் கொடுத்து என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் இரண்டு விஷயங்கள் பெரிதாகத் தெரிகின்றன.

முதலாவது: கிராமத்துப் பெண்களுக்கு விறகுச் சமையலின் ருசிதான் பிடிக்கும், கேஸைக் கொடுத்தாலும் பழைய அடுப்புக்கே போவார்கள் என்று அதிகாரிகள் பேசிக் கேட்டிருப்பீர்கள். இந்த ஆய்வு அந்தப் பேச்சுக்கு நல்ல பதில் சொல்லிவிட்டது. கேஸ் தீர்ந்துபோகும் கவலையும் காசுக் கவலையும் இல்லாதபோது அந்தப் பெண்கள் ஏறக்குறைய முழுவதும் கேஸிலேயே சமைத்தார்கள். பழைய அடுப்பை விட்டுவிட்டார்கள். ருசியும் பழக்கமும் பெரிய தடையாக இருக்கவில்லை.

இரண்டாவது: நாம் ஏன் குழந்தையின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறோம்? ஒரு பெண்ணின் அடுப்படியில் புகை இருக்கக் கூடாது என்பதற்கு அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமா? கண் எரிகிறது அவளுக்கு. மூச்சு முட்டுகிறது அவளுக்கு. கழுத்து நோகிறது, முள் குத்துகிறது, பொழுது போகிறது, எல்லாம் அவளுக்கு. பிள்ளைக்கு இருபது கிராம் கூடினாலும் கூடாவிட்டாலும் அவளுக்குப் புகையில்லாத அடுப்பு சேர வேண்டும். தாய் என்பதற்காகவோ மனைவி என்பதற்காகவோ அல்ல, அங்கே நின்று வேகிற ஆள் என்பதற்காக. பெண்களுக்கான எந்தத் திட்டத்தையும் குடும்ப நலன், குழந்தை நலன் என்று சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விறகு அடுப்பையே திருத்திவிடலாம் என்ற முயற்சி பழையது. வார்தாவில் காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா இருந்த மகன்வாடியிலேயே புகை குறைந்த 'மகன் சூளா' உருவானது. நம் தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டியில் கழித்த மனிதர் அவர். 1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை கோடிக்கணக்கில் அடுப்புப் போட்டது. இலக்குக்காகக் கட்டினார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆள் இல்லை. அவள் வீட்டுப் பானைக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருத்தம் இல்லை. ஒடிசாவில் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோவும் மற்றவர்களும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இதே கதைதான். முதல் ஆண்டில் புகை குறைந்தது, அப்புறம் அந்தக் குறைவு காணாமல் போனது. சாண எரிவாயு நல்ல வழி, ஆனால் மூன்று நான்கு மாடாவது வேண்டும். மாடே இல்லாதவளிடம் அதைப் பேசிப் பயனில்லை.

கேஸுக்கு வருவோம். 2006 தேர்தலில் சொன்னபடி தமிழக அரசு 2007-லிருந்து ஏழை வீடுகளுக்கு இலவசக் கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. நாம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னால் போனோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் இந்தியாவில் 58.6 சதவீதம், தமிழ்நாட்டில் 82.9 சதவீதம். பெருமைப்படத் தக்க எண்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் கேட்கிற கேள்வி, "முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்?" என்பது. கேஸ் என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது.

ஊருக்குள் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள்ளே கேஸ் அடுப்பு துடைத்துப் பளபளவென்று இருக்கும். கொல்லையில் மூன்று கல் கூட்டி விறகு அடுப்பு. காபி, குழம்பு தாளிப்பு, விருந்தாளி வந்தால் அவசரச் சமையல் இதெல்லாம் உள்ளே. சோறு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது எல்லாம் வெளியே. "கேஸு மழைக்கும் விருந்தாளிக்கும்தாங்க" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். வெந்நீருக்காகவே தினமும் ஒரு சுமை விறகு எரிகிற வீடுகள் உண்டு. அந்த அம்மா கணக்கெடுப்பில் கேஸ் வீடு. மறுநாள் காலையில் அவர் கருவேலங்காட்டில்தான் நிற்பார்.

ஏன்? விலை. உஜ்வாலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 2018 இறுதியில் 3.21 என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. 2023-24-ல் 3.95. நாலைந்து பேர் உள்ள குடும்பம் முழுக்கக் கேஸில் சமைத்தால் ஏழெட்டு சிலிண்டராவது வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. நூறு நாள் வேலையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். முழுக் கூலி கையில் வந்தாலே இரண்டரை நாள் உழைப்புக்கு மேல். அதையும் ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டும். அன்றாடம் கூலி வாங்குகிறவர் அரிசியை அரைக் கிலோவாக வாங்கலாம், எண்ணெயை நூறு மில்லியாக வாங்கலாம். கேஸை அப்படி வாங்க முடியாது.

இதில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குத் தனியாக ஒரு அநீதி இருக்கிறது. உஜ்வாலா பயனாளிக்கு ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இருந்தால் உஜ்வாலாவில் சேர முடியாது. 2007-லேயே மாநில அரசு கொடுத்த இணைப்பை வாங்கிக்கொண்ட ஏழைப் பெண் அந்த மானியத்துக்கு வெளியே நிற்கிறார். எல்லாருக்கும் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த பழைய மானியமும் 2020 மே மாதத்துக்குப் பிறகு பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. மாநிலம் முந்திக்கொண்டதற்கான விலையை இந்தப் பெண்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கட்டுகிறார்கள். இதை நம் பிரதிநிதிகள் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

விலைக்கு அடுத்து, யார் முடிவெடுப்பது என்ற விஷயம். 1986-ல் பொருளியலாளர் பினா அகர்வால் விறகு நெருக்கடியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புதிய அடுப்பின் பலன் பெண்ணுக்குப் போகிறது, அதற்கான பணம் ஆணின் கையில் இருக்கிறது, அதனால்தான் அடுப்பு வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது என்பது அதன் முக்கியமான வாதங்களில் ஒன்று. நாற்பது ஆண்டாகியும் அது பழசாகவில்லை. மொபைல் ரீசார்ஜும் வண்டிக்குப் பெட்ரோலும் யாரையும் கேட்காமல் நடக்கின்றன. சிலிண்டர் பதிய மட்டும் வீட்டில் ஒரு பேச்சு நடக்கும்: "இப்பத்தானே வாங்குனோம், அதுக்குள்ள தீந்துருச்சா?" 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, நான் போகும் ஊர்களில் அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. "அந்தக் காசுலதான் கேஸ் போடுறேன், யாரையும் கேக்கறதில்ல" என்று பல பெண்கள் சொல்கிறார்கள். கேஸ் இன்றைக்கும் பெரிய செலவுதான். பணம் அவள் கணக்கில் விழுகிறது, அதனால் அடுப்பு எரிகிறது.

மண்ணெண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று நாளிதழ்களில் எத்தனை ஆண்டுகள் படித்தோம். பம்பு ஸ்டவ்வில் உண்மையாகவே நடந்த விபத்துகள் உண்டு. வரதட்சணைக் கொலைகளும் அந்த ஒரு வரிச் செய்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. எது எது என்று பிரித்துச் சொல்லத் தீக்காய வார்டில் இருந்த பெண்கள் பலருக்கு அவகாசம் இருக்கவில்லை. அடுப்படியில் எந்த எரிபொருள் இருக்கிறது என்பது பெண்ணின் உயிர்ப் பாதுகாப்போடும் சேர்ந்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்து கேஸ் பரவியபோது அந்த ஆபத்தில் ஒரு பகுதி அடுப்படியை விட்டுப் போனது. அதற்காகவும் நான் கேஸின் பக்கம் நிற்கிறேன்.

கரண்டு அடுப்பைப் பற்றி இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவிகள் கேட்பார்கள் என்று தெரியும். தோராயமாகக் கணக்கிட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பு 120, 130 யூனிட்டில் செய்துவிடும். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது விளக்குக்கும் மின்விசிறிக்கும் டிவிக்குமே சரியாகிவிடுகிறது. சமைக்கவும் அது போதாது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் அடுப்பு சூடாகவே செய்யாது. கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிவிட்டு, சமையலுக்கென்று தனியாக யூனிட் ஒதுக்கினால், அதுவும் கொல்லை வெந்நீருக்கு முதலில் பயன்பட்டால், விறகுச் சுமை நன்றாகவே இறங்கும்.

விறகே கூடாது என்று நான் சொல்லவில்லை. தை முதல் தேதி வந்தால் பல வாசல்களில் விறகு அடுப்பில்தான் பொங்கல் பொங்கும். அது பொங்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் விரும்பி மூட்டும் தீ அது.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிற தோழிகள் இதை எழுதிக்கொண்டு போங்கள். மாநிலத் திட்டத்தில் பழைய இணைப்பு வாங்கிய வறுமைக் கோட்டு வீடுகளுக்கும் 300 ரூபாய் மானியம் வேண்டும். ஐந்து கிலோ சிலிண்டரும் அதே மானிய விலையில் ரேஷன் கடையிலேயே கிடைக்க வேண்டும். 2022-ல் கூட்டுறவுக் கடைகளில் சிறிய சிலிண்டர்கள் விற்பனைக்கு வந்தன, ஆனால் மானியமில்லாத விலையில். கேஸ் வண்டி மெயின் ரோட்டில் நின்றுவிடாமல் காலனி வரை வர வேண்டும். நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும், அதையும் இன்று பெண்கள்தான் இடுப்பில் தூக்கி வருகிறார்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், ஏறிய பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனுவை யார் பெயரில் கொடுப்பது, வீட்டுக்காரர் பெயரிலா என்று ஒரு தோழி கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். கேஸ் புத்தகத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது அம்மா, உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.